தேதித்தாளின் பின்பக்கம்

துளசிங்கம் தன்னைத்தான் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து, குமரேசன் உள்ளே போய் நல்ல சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

அப்படி நினைத்ததில் தப்பில்லை. ஏழு வருடமாக மெரினா ரைடர்ஸ் கபடி அணி சென்னையில் ஆடும் ஆட்டங்களுக்கெல்லாம் மைக் பிடிப்பவன் அவன்தான். வார நாட்களில் தாம்பரம் சானடோரியத்தில், மெப்ஸ் தொழில் வளாகத்துக்குள் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் சூப்பர்வைசர். ஆட்டம் இருக்கிற நாளில் நாலாயிரம் பேரை எழுந்து நிற்க வைக்கிறவன். சேலையூரில் பால் பாக்கெட் வாங்கப் போனால்கூட, "மைக் அண்ணே, இந்த வருஷம் கப்பு நமக்குத்தானே?" என்று யாராவது கேட்பார்கள்.

துளசிங்கத்துக்கு அறுபது வயதிருக்கும். வயல்கள் எல்லாம் மனைகளாகிப் போன பிறகு, தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபமும் இரண்டு ஹார்டுவேர் கடையுமாக இருப்பவர். இளவட்டத்தில் கபடி ஆடி உடைந்த மூக்கு இன்னும் கோணலாகவே இருந்தது. இந்த நகரத்துக்கு இரண்டாவதாக ஒரு கபடி அணி வேண்டும், அது தாம்பரத்தின் பெயரில் இருக்க வேண்டும் என்று அவர் லீக்கிற்கு மனுக் கொடுத்திருந்தார். 'தாம்பரம் காளைகள்' என்று பெயர்கூட வைத்துவிட்டார். ஒரே ஊருக்கு இரண்டு அணி தாங்குமா என்று பார்க்க லீக்கிலிருந்து ஆள் வரப்போகிறார்கள். முதலில் ஜனங்களிடம் கருத்துக் கேட்பார்கள். அது தேறினால் ஒரு வெள்ளோட்ட ஆட்டம்.

"இருக்கற டீம் நல்ல டீம்தான் தம்பி, இல்லேன்னு சொல்லல," என்றார் துளசிங்கம். "ஆனா அது எங்க கீது? ஒரு ஆட்டம் பாக்கணும்னா ஒரு நாள் பூட்டுது. நம்ம பக்கம் இன்னா ஜனம் இல்லியா?"

குமரேசன் தொண்டையைச் செருமிக்கொண்டான். தனக்கு ரைடர்ஸுடன் ஒப்பந்தம் இருக்கிறது, மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று பெரிய மனுஷத்தனமாக ஆரம்பித்தான்.

துளசிங்கம் கையை ஆட்டினார். "அய்யய்யோ, உன்னக் கேக்கறது மொறையா? நீ அந்த டீமு. மைக்குக்கு ஷ்யாம்சுந்தர்னு ஒரு பையன் கீறான், ரேடியோல பேசறவன். குரல் சொம்மா கணீர்னு இருக்கும். நான் தங்கச்சியக் கேக்க வந்தேன்."

காபி டம்ளர்களோடு வந்த குமரேசனின் மனைவி ஜெயஸ்ரீ அப்படியே நின்றாள்.

போன சீசனில் அறிவிப்பாளர் மேஜைக்கு நேர் பின்வரிசையில் தனக்கு இடம் கிடைத்தது என்று துளசிங்கம் சொன்னார். ஆட்டத்தை விட்டுவிட்டு அன்றைக்கு முழுக்க மேஜையைத்தான் பார்த்தாராம். "எளுதறது தங்கச்சி. படிக்கறது நீ. நான் கண்ணால பாத்தேன்."

அது உண்மைதான். தினசரி காலண்டரில் கிழித்த தேதித்தாள்களை ஜெயஸ்ரீ ஒரு கிளிப்பில் சேர்த்து வைப்பாள். சிறுசேரிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து அவற்றின் பின்பக்கத்தில் எழுதுவாள். முன்பக்கம் ராகு காலம், ராசி பலன். பின்பக்கம் ஒரு ஆட்டக்காரனுக்கு ஒரு வரி. ஆட்டத்தின்போது அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த நேரத்துக்கு எது வேண்டுமோ அந்தத் தாளை அவன் இடது உள்ளங்கைக்கு அடியில் தள்ளுவாள். அவன் என்ன ஏது என்று பார்க்க மாட்டான். கைக்கு வந்ததைப் படித்துவிடுவான். ரைடர்ஸின் ஆட்டக்காரன் ஏசுபாதம் கபடி பாடிப் போகும்போது, "கோட்டைத் தாண்டுது ஒத்தைப் பாதம், திரும்பி வரும்போது எண்ணிக்கோ எத்தனை பாதம்" என்று அவன் சொன்னால் அரங்கமே காலைத் தட்டும். பெரிய தாளில் எழுதிப் பார் என்று ஒருமுறை அவன் நோட்டு வாங்கிக் கொடுத்தான். அந்தக் காலண்டர் தாளுக்கு மேல் நீண்டால் அது வரி இல்லை, வசனம் என்று அவள் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"வரிகள் ஜெயஸ்ரீன்னு போர்டுலயே போட்டுருவோம். ஷ்யாமு மைக்லயும் சொல்லுவான்," என்றார் துளசிங்கம்.

குமரேசன் அவள் முகத்தைப் பார்த்தான். பதில் அங்கேயே எழுதியிருந்தது.

அதற்குப் பிறகு, சென்னைக்கு இரண்டாவது அணி ஏன் தாங்காது என்று குமரேசனுக்கு நிறையக் காரணங்கள் தோன்ற ஆரம்பித்தன. பல் தேய்க்கும்போது ஒன்று தோன்றும், ஹெல்மெட் மாட்டும்போது ஒன்று. எல்லாவற்றையும் ஜெயஸ்ரீயிடம் சொன்னான். ரைடர்ஸுக்கு வருகிற கூட்டத்தில் பாதி பேர் பல்லாவரத்துக்குத் தெற்கே இருந்து ரயில் ஏறி வருகிறவர்கள். அவர்களைப் பிரித்தால் இரண்டு அரங்கமும் பாதி காலியாகத்தான் கிடக்கும். கபடி பார்க்கிற ஜனம் ஓரளவுதான், அதைக் கூறு போட முடியாது. அவள் தோசையைத் திருப்பிக்கொண்டே, "இருக்கலாம்ங்க. பாப்போம்," என்றாள். அவள் மறுத்துப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உண்மையில் அவனை அரித்தது ரயிலும் இல்லை, கூட்டமும் இல்லை. சனிக்கிழமை காலைகளில் ஷ்யாம்சுந்தர் போன் செய்வான். அவள் பால்கனிக்குப் போய் ஒரு வரி சொல்வாள், அந்தப் பக்கம் அவன் சொல்லிப் பார்ப்பான். ஸ்பீக்கரில் அவன் குரல் கேட்கும். உண்மையிலேயே கணீரென்றுதான் இருந்தது. "அக்கா, இது மாஸ் அக்கா. எப்படித் தோணுது உங்களுக்கு?" என்பான். அவள் சிரிப்பாள். ஏழு வருடத்தில் குமரேசன் அந்தக் கேள்வியை அவளிடம் கேட்டதே இல்லை. கேட்கத் தோன்றியதே இல்லை என்பது இப்போதுதான் தெரிந்தது.

அவள் மனசுக்குள் ஒரு வரி உருவாகும் நேரம் அவனுக்குத் தெரியும். உதடு அசையாது, வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் தொடையில் தட்டும். அந்தத் தட்டல் தனக்கானது என்றே அவன் இத்தனை நாளும் இருந்துவிட்டான். இப்போது அது வேறொருவன் வாய்க்காகத் தட்டிக்கொண்டிருந்தது. பைக்கில் பின்னால் உட்கார்ந்து அவள் விரல் அவன் முதுகிலேயே தட்டியபோது, ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் பச்சை விழுந்ததுகூடத் தெரியாமல் நின்றான்.

மறுநாளிலிருந்து அவன் ஒரு காரியம் செய்ய ஆரம்பித்தான். ஷ்யாம்சுந்தருக்கு எழுத அவளிடம் தாளே இருக்கக் கூடாது என்று ஐந்தரை மணிக்கே எழுந்து, அவளுக்கு முன்னால் போய் முந்தைய நாள் தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கிளிப்பில் சேர்த்து வைத்திருந்த பழைய தாள்களையும் ரைடர்ஸ் ஆட்டத்துக்கு வேண்டும் என்று எடுத்துக்கொண்டான். நாற்பது வயது ஆள் செய்கிற வேலையா இது என்று அவனுக்கே வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் தினமும் கிழித்தான்.

முதல் நாள் ஜெயஸ்ரீ காலண்டரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாளிலிருந்து சாயங்காலமே, அன்றைய தாள் சுவரில் தொங்கும்போதே அதைத் தூக்கிப் பிடித்துப் பின்பக்கத்தில் எழுதி வைக்கப் பழகிக்கொண்டாள். மறுநாள் எழுந்து அவனுக்கு முன்னால் கிழித்துக்கொள்ளலாம் என்று எண்ணம். முடியாத தேதியைக் கிழிக்கக் கூடாது என்று அவள் வீட்டில் ஒரு வழக்கம். அதை மட்டும் அவள் மீற மாட்டாள். ஆனால் சிறுசேரி பஸ்ஸுக்கு ஓடுகிறவளுக்கு ஐந்தரைக்கு எங்கே விழிப்பு வரும்? ஒரு காலையும் அவனை முந்த முடியவில்லை. அவனும் கிழித்த கையோடு ஒருநாள்கூடத் தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நாலு நாள் முன்பு ரைடர்ஸ் மேனேஜர் கூப்பிட்டார். "குமரேசன், நீங்க அந்த ஏரியா ஆளு. நீங்களே வேணாம்னு சொன்னா வெயிட் வேற. ஒரு அஞ்சு நிமிஷம் பேசிட்டு வந்துடுங்க." குமரேசன் சரியென்றான். அவர் கேட்காவிட்டாலும் பேசியிருப்பான். துளசிங்கத்தின் அணி வராமல் போனால், அந்த ரேடியோக்காரனுக்கு இங்கே என்ன வேலை?

ஜெயஸ்ரீயிடம் அதைச் சொன்னபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பேசுங்க. உங்க கருத்து அதுதான்னா சொல்லத்தானே வேணும்," என்றாள். பிறகு மடித்த புடவையை மறுபடி உதறினாள். "ஆனா ரயில், கூட்டம்னு சொல்லாம, என்ன காரணமோ அதைச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். துளசிங்கத்தின் மண்டபத்தில் முந்தின நாள் கல்யாணத்தின் வாழைமரம்கூட அவிழ்க்கப்படவில்லை. மணமேடையில் மேஜை போட்டு, லீக்கிலிருந்து வந்த சத்யபிரியா என்ற அதிகாரி லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். முந்நூறு பேராவது இருப்பார்கள். ஜெயஸ்ரீ நாலாவது வரிசையில் இருந்தாள். அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி, ஒல்லியாக, காதில் கடுக்கன் போட்ட ஓர் இளைஞன். குரலைக் கேட்காமலே யாரென்று குமரேசனுக்குத் தெரிந்துவிட்டது. தான் நினைத்ததைவிடச் சின்னப் பையன். அதனால் கோபம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை.

முதலில் பம்மலிலிருந்து வந்த ஹனீஃபா பேசினார். தோல் கையுறை தைக்கிற பட்டறை வைத்திருப்பவர். ஷேர் ஆட்டோ, ரயில், பிறகு பஸ் என்று மூன்று வண்டி மாறித்தான் ரைடர்ஸ் ஆட்டத்துக்குப் போக முடிகிறது என்றார். "எட்டு ஆட்டம் போயிருக்கேன் மேடம். எட்டுலயும் கடைசிப் பத்து நிமிஷம் பாத்ததில்ல. வூட்டுக்காரம்மா, பொண்ணு எல்லாம் கூட வந்தா பாதியிலயே கெளம்பியாகணும். ஜெயிச்சோமா தோத்தோமான்னு ரயில்ல போன்ல பாத்துதான் தெரிஞ்சிக்கறது." பள்ளிக்கரணையிலிருந்து வந்த செல்வமேரி, தன் பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகள் கபடி ஆடுகிறார்கள், ஒரு பெரிய ஆட்டத்தை நேரில் பார்த்தவள் அதில் ஒருத்திகூட இல்லை என்றாள். சத்யபிரியா எல்லாவற்றையும் லேப்டாப்பில் தட்டிக்கொண்டே வந்தாள். பிறகு, வேண்டாம் என்று சொல்ல யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள்.

குமரேசன் எழுந்தான். அவனை அடையாளம் தெரிந்துகொண்டு பின்னால் யாரோ விசிலடித்தார்கள். அவன் மேடைக்குப் பக்கத்தில் போய் மைக்கைக் கையில் வாங்கினான்.

பேச வேண்டியதை அவன் எழுதி வைத்திருந்தான். எதில் எழுதுவான்? வேறு தாளைப் பார்த்துப் பேசி அவனுக்குப் பழக்கமில்லை. முதல் இரண்டு நாள் கிழித்த தாள்களின் வெற்றுப் பின்பக்கத்தில் ஒவ்வொரு காரணம். மூன்றாவது மனப்பாடம். சட்டைப் பையிலிருந்து தாள்களை எடுத்து இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டான்.

முதல் தாளைப் படித்தான். ரைடர்ஸின் கூட்டத்தில் பாதி தெற்கிலிருந்து வருகிறது, பிரித்தால் இருவருக்கும் நட்டம். குரல் மண்டபத்தின் கடைசிச் சுவர்வரை போய்த் திரும்பியது. சத்யபிரியா தலையாட்டித் தட்டினாள். முதல் தாளைக் கீழே தள்ளி இரண்டாவதைப் படித்தான். ஒரு நகரத்துக்கு ஒரு அணி என்றால்தான் வெறி இருக்கும், இரண்டானால் வீட்டுக்குள்ளேயே சண்டை. கூட்டத்தில் சலசலப்பு அடங்கியது. நன்றாகத்தான் பேசினான். முன்வரிசையில் துளசிங்கத்தின் முகம் வாடிக்கொண்டே வந்தது.

இரண்டாவது தாளையும் தள்ளினான். கையில் மூன்றாவது தாள் வந்தது. காலையில் கிழித்து அதே பையில் போட்ட சனிக்கிழமைத் தாள், பின்பக்கம் மேலாக. ஏழு வருடப் பழக்கம். கைக்கு வந்ததைக் கண் எடுத்தது, கண் எடுத்ததை வாய் சொன்னது.

"பீச்சு வரைக்கும் போனது போதும்,
நின்னுக்கினே வந்தது போதும்,
தாம்பரம் வந்தாச்சு…"

அந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. தாளில் புள்ளியும் இல்லை. ஆனாலும் நிறுத்தினான். மண்டபம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

"இறங்கு மச்சான், இனிமே ஆட்டம் நம்ம ஊர்ல."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. அதற்குள் மண்டபம் எழுந்துவிட்டது. முந்நூறு பேரும் கையைத் தட்டினார்கள். ஹனீஃபா துண்டைத் தூக்கிச் சுற்றினார். பின்னால் ஒரு கும்பல் அந்த வரியையே திருப்பிச் சொன்னது, 'வந்தாச்சு'வில் அவன் விட்ட இடைவெளியோடு.

அந்த இரைச்சலில் அவன் தாளைப் பார்த்தான். சாய்ந்த எழுத்து. ஷ்யாம்சுந்தருக்காக எழுதியது. இன்னொருவன் வாயில் கேட்கவே கூடாது என்று எதற்காகப் பத்து நாளாகக் காலண்டரைக் கிழித்தானோ, அது அவன் வாயிலிருந்தே வந்துவிட்டது. வந்தபோது எவ்வளவு இனித்தது என்பதுதான் அவனை உலுக்கியது.

நாலாவது வரிசையில் ஜெயஸ்ரீயின் விரல் அசையாமல் மடியில் இருந்தது. அவள் கண்கள் அவனையே பார்த்தன. அவன் என்ன செய்யப் போகிறான் என்று மட்டும்தான் அதில் கேள்வி.

சத்யபிரியா கை தட்டல் ஓயும்வரை பொறுத்திருந்து, "சார், சாரி. நீங்க வேணும்னு சொல்றீங்களா, வேணாம்னு சொல்றீங்களா? நான் எப்படிப் பதிவு பண்றது?" என்றாள்.

சிரிப்பு எழுந்தது. குமரேசன் மைக்கை வாயிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தான்.

"மேடம், மொதல் ரெண்டும் நான் எழுதுனது," என்றான். "மூணாவது என் சம்சாரம் எழுதுனது. அதைத்தான் ஜனம் கேட்டுச்சு. அதையே பதிவு பண்ணிக்குங்க."

"அப்ப அந்த ரெண்டு?"

"அது கபடிக்காகச் சொன்னது இல்ல மேடம். பொறாமைல சொன்னது. அடிச்சிடுங்க."

துளசிங்கம் எழுந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டார். அவர் கோணல் மூக்கு அவன் தோளில் இடித்தது. குமரேசனின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ரைடர்ஸ் மேனேஜர். அவன் எடுக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது, பைக் கேம்ப் ரோடு சிக்னலில் நின்றது. அவன்தான் கேட்டான், தாள் காணாமல் போனது காலையில் தெரியாதா என்று.

"தெரியும். உங்க பாக்கெட்டுல இருக்குன்னும் தெரியும்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"நீங்களா என்னிக்காவது திருப்பிப் பாப்பீங்களான்னு இருந்தேன்." கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னாள், "என் சம்சாரம்னு சொன்னீங்க. அப்பவும் பேரு வாய்ல வரல."

ஏழு வருடம், எத்தனையோ ஆட்டம், எத்தனையோ பெயர்களை இழுத்து இழுத்து அவன் மைக்கில் சொல்லியிருக்கிறான். மாற்று ஆட்டக்காரனின் பெயரைக்கூட விட்டதில்லை.

மேனேஜர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு, வெள்ளோட்ட ஆட்டத்தில் தாம்பரத்தை எதிர்த்து ரைடர்ஸ்தான் ஆட வேண்டும் என்று லீக் சொன்னதும், மைக்குக்கு வேறு ஆளில்லாமல் அவரே கூப்பிட்டார். ஜெயஸ்ரீ அந்த ஆட்டத்தில் எதிர் மேஜையில் உட்காருவாள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வீட்டில் ஹனீஃபா பட்டறையின் பெயர் போட்ட இன்னொரு தினசரி காலண்டர் வந்து முதல் காலண்டருக்குப் பக்கத்தில் தொங்கியது. இரண்டிலும் தேதி ஒன்றுதான். ஒன்று தாம்பரத்துக்கு, ஒன்று ரைடர்ஸுக்கு என்று ஜெயஸ்ரீ பிரித்துக் கொடுத்தாள். ஐந்தரைக்கு எழும் பழக்கம் மட்டும் அவனை விடவில்லை. எழுந்து வந்து இரண்டு தாளையும் கிழித்து, இரண்டையும் திருப்பிப் பார்த்துவிட்டு, தாம்பரத்துத் தாளில் வரி இன்னும் நன்றாக இருக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, அவள் கிளிப்பில் செருகி வைப்பான்.

ஆட்டம் வண்டலூர்ப் பக்கத்தில் ஓர் உள்ளரங்கில், சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு. மூன்று மணிக்கே கேலரி நிறைந்துவிட்டது. துளசிங்கம் தன் மண்டபத்து நாற்காலிகளை லாரியில் ஏற்றிவந்து ஓரங்களில் போட்டார், அதுவும் போதவில்லை. செல்வமேரியின் பெண் பிள்ளைகள் சீருடையோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பம்மலிலிருந்து வந்த குடும்பங்கள் குழந்தைகளை மடியில் வைத்திருந்தன. சத்யபிரியா வாசலுக்கும் கேலரிக்குமாக நடந்து கொண்டிருந்தாள். தாம்பரம் மேஜைக்கு மேலே ஒரு போர்டு. அதில் 'வரிகள்: ஜெயஸ்ரீ' என்று மஞ்சள் எழுத்து.

ஆடுகளத்தின் அந்தப் பக்கம் அவள் ஷ்யாம்சுந்தருக்கு அருகில் உட்கார்ந்திருந்தாள். கிளிப்பிலிருந்து ஒரு தாளை உருவினாள். மேஜை மேல் தள்ளினாள். அவன் இடது கைக்கு அடியில்.

குமரேசனுக்கு அதே பழைய பொறாமை மறுபடி தலைதூக்கியது. அவளிடம் எல்லாம் ஒத்துக்கொண்டாயிற்று, இரண்டு காலண்டரும் மாட்டியாயிற்று, இது மட்டும் போகவில்லை. இனி அந்தப் பையன் வாயைத் திறந்தால் முதல் காரியமாக அவள் பெயரைச் சொல்வான். கணீர் குரலில், மூவாயிரம் பேர் முன்னால், குமரேசன் ஏழு வருடம் சொல்லாததைச் சொல்வான்.

ஷ்யாம்சுந்தர் மைக்கை எடுத்தான். ஆனால் லீக் விதிப்படி வெளியூர் அணியின் அறிமுகம்தான் முதலில். அன்றைக்கு அந்த அரங்கத்தில் மெரினா ரைடர்ஸ்தான் வெளியூர் அணி. நடுவர் குமரேசன் பக்கம் கை காட்டினார்.

அவன் கையில் ஏசுபாதத்துக்கான தாள் தயாராக இருந்தது. அதைக் கவிழ்த்து வைத்தான். எந்தத் தாளையும் பார்க்காமல் ஓர் ஆட்டத்தில் அவன் மைக்கில் பேசியது அதுதான் முதல் தடவை.

"ரெண்டு டீமுக்கும் ஆட்டக்காரங்க வேற வேற," என்றான். "ஆனா இன்னிக்கு இந்த மேஜையிலயும் அந்த மேஜையிலயும் நீங்க கேக்கற ஒவ்வொரு வரியும் எழுதுனது ஒரே ஆளு. ஏழு வருஷமா எழுதறாங்க. நான்தான் சொல்லல."

மூச்சை இழுத்துக்கொண்டான்.

"ஜெயஸ்ரீ."

ஏசுபாதத்தின் பெயரை இழுப்பதைவிட நீளமாக இழுத்தான். அரங்கம் காலைத் தட்டியது. எதிர் மேஜையில் ஷ்யாம்சுந்தர் மைக்கை மூடிக்கொண்டு அவளிடம் ஏதோ சொன்னான். சொல்ல வைத்திருந்ததை முதலிலேயே பறித்துவிட்டாரே என்றுதான் சொல்லியிருப்பான். பையன் முகம் தொங்கிப்போயிருந்தது. அதைப் பார்க்கக் குமரேசனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஜெயஸ்ரீ சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். வலது கை ஆள்காட்டி விரல் மேஜையில் தட்டிக்கொண்டிருந்தது. அது எந்த மேஜைக்கான வரி என்று தெரிந்துகொள்ள, ஆட்டம் தொடங்கிய பிறகும் குமரேசன் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.